எல்க் வேட்டைக்கு ரைஃபிள் கட்டுகிறீர்களா? குண்டிலிருந்து தொடங்குங்கள்

2021 அக்டோபர். டென்வரிலிருந்து நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி, கொலராடோவின் வடமேற்கு மூலையில் உள்ள கிரெய்க் என்ற சிற்றூருக்கு வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, தோட்டாப் பெட்டி வீட்டு மேசையிலேயே இருக்கிறது. தவறு என்னுடையதுதான். பரவாயில்லை, வேட்டைக்குப் பேர்போன ஊர், இங்கே கிடைக்காத தோட்டாவா என்று கடைக்குப் போனேன். அந்த ஆண்டு அமெரிக்கா முழுக்கத் தோட்டாத் தட்டுப்பாடு. இருந்தும் அலமாரியில் .30-06 இருந்தது, .270 இருந்தது, .300 வின்செஸ்டர் மேக்னம்கூட இரண்டு பெட்டி இருந்தது. என் துப்பாக்கி கேட்டது ஒரு குட்டை மேக்னம் தோட்டா (மேக்னம் என்றால் மருந்து கூடுதலாகப் பிடிக்கும் வகை). காகிதத்தில் பார்த்தால் அற்புதமான தோட்டா. கடைக்காரர் பெயரைக் கேட்டதுமே சிரித்துவிட்டார். ஐந்து நாள் சீசனில் ஒன்றரை நாள் அப்படியே போனது.

அடுத்த துப்பாக்கியை நானே பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துக் கட்டியபோது எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். கொலராடோவில் எல்க், மியூல் மான் வேட்டைக்குப் போகிறவரை மனதில் வைத்து எழுதியது. (எல்க் என்பது தோற்றத்தில் நம் கடமானின் அண்ணன். இலங்கைத் தோட்டங்களில் இருந்த வெள்ளைக்காரர்கள், அங்கே மரை எனப்படும் கடமானையே எல்க் என்றுதான் அழைத்தார்கள்.)

தோட்டா வேறு, குண்டு வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். பித்தளை உறை, அடியில் தீமூட்டும் பிரைமர், உள்ளே மருந்து, நுனியில் குண்டு, இந்த நான்கும் சேர்ந்தது தோட்டா. விலங்கைத் தொடுவது குண்டு மட்டும்தான். தோட்டா அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாகனம். பலரும் வண்டியை வாங்கிவிட்டு, அதில் என்ன சரக்கு ஏற்றலாம் என்று அப்புறம் யோசிக்கிறார்கள். நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன்.

முதல் படி: சட்டப் புத்தகம்

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு பொழுதுபோக்கு வேட்டை முடிந்துபோனது. அதனால் இந்தக் கட்டுரை அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு. அங்கும் ஒரு சிக்கல் உண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போச்சு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆக்‌ஷனுக்கு (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இயந்திரப் பகுதி) முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் நிலையை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் மாநிலச் சட்டம். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்த எவரும் வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேறியிருந்தால்தான் கொலராடோவில் உரிமம். ரைஃபிளுக்கும் விதி இருக்கிறது: குண்டின் விட்டம் குறைந்தது .24 அங்குலம், குழல் குறைந்தது 16 அங்குலம், குண்டு உடலில் பட்டதும் விரியும் வகையாக இருக்க வேண்டும். மானுக்குக் குறைந்தது 70 கிரெயின் எடை, எல்க்குக்கு 85 கிரெயின். 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் மிச்சமிருக்க வேண்டும். (ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். துப்பாக்கிக் கொல்லர்களின் கணக்கு அப்படித்தான், பழகிவிடும்.)

வேறு மாநிலம் என்றால் கதையே மாறும். ஒஹையோ, ஐயோவா போன்ற இடங்களில் மான் வேட்டைக்கு உறை நேராக இருக்கும் தோட்டாக்களுக்குத்தான் இடம். அங்கே இருப்பவர்கள் .350 லெஜண்ட், .450 புஷ்மாஸ்டர் பக்கம் போக வேண்டும், இந்தக் கட்டுரையின் பாதி அவர்களுக்கு உதவாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் ஈயக் குண்டால் வேட்டையாடவே கூடாது.

இரண்டாம் படி: எவ்வளவு தூரம், உண்மையில்?

வளர்ந்த ஆண் எல்க் சுமார் 700 பவுண்டு. மியூல் மான் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. எல்க்குக்குப் போதுமான தோட்டா மானுக்குத் தாராளம் என்பதால் பெரியதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

தூரத்தைப் பற்றிப் பேசும்போதுதான் ஆட்கள் கனவில் மிதக்கிறார்கள். சுடுதளத்து மேசையில் மணல்மூட்டை மேல் வைத்து 600 கெஜம் அடித்தவர், 9,000 அடி உயரத்தில் மூச்சு வாங்கி, முதுகுப்பை மேல் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடும்போது 250 கெஜத்தில் தடுமாறுவார். நான் ஒரு தட்டு வைத்துப் பார்த்தேன், சாப்பாட்டுத் தட்டு அளவு. முட்டி போட்டு, உட்கார்ந்து, படுத்து, ஒவ்வொரு நிலையிலும் ஐந்துக்கு ஐந்து தட்டில் விழும் தூரம் எது? எனக்கு அது 300 கெஜம். உங்களுக்கு 200 ஆக இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த எண் ஏன் முக்கியம்? 200 கெஜத்தில் குறி சரியாக விழும்படி அமைத்த துப்பாக்கியில், 300 கெஜத்தில் .270-இன் 130 கிரெயின் குண்டு ஆறரை அங்குலம் அளவுக்குக் கீழே இறங்கும். .308-இன் 165 கிரெயின் எட்டு அங்குலத்தை ஒட்டி இறங்கும். மேக்னங்கள் ஏறக்குறைய .270-ஐ ஒட்டியே வரும். வித்தியாசம் இரண்டு அங்குலம்கூட இல்லை. எல்க்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஓரடி அகலத்துக்குக் குறையாது. ஆக, 300 கெஜத்துக்குள் நிற்பவருக்குத் தோட்டாப் பட்டியலில் பாதிச் சண்டை தேவையில்லாதது. 500 கெஜத்தைத் தாண்டும்போதுதான் காற்று குண்டைத் தள்ளும் அளவும், குண்டு எவ்வளவு வேகத்தைத் தக்கவைக்கிறது என்பதும் கேள்வியாகின்றன.

மூன்றாம் படி: உங்கள் தோள்

எட்டுப் பவுண்டுத் துப்பாக்கியில் உதை தோராயமாக இப்படி இருக்கும்: 6.5 கிரீட்மூர் 12 அடி-பவுண்டு, .308 வின்செஸ்டர் 17, .30-06 20, .300 வின்செஸ்டர் மேக்னம் 26. மலை ஏற இலகுவாக இருக்கட்டும் என்று ஆறரைப் பவுண்டில் கட்டினால் அதே .300 மேக்னம் 30-ஐத் தாண்டிவிடும். உதைக்குப் பயந்தவர் விசையை அழுத்தும் நொடியில் கண்ணை மூடுவார். அது அவருக்கே தெரியாது. நண்பர் ஒருவரை மேகசினில் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவைக் கலந்து வைக்கச் சொல்லுங்கள். வெடிக்காத அந்த ஒரு தடவை குழல் குனிகிறதா என்று பார்த்தால் விஷயம் அம்பலம்.

குழல் முனையில் பிரேக் பொருத்தினால் உதை குறையும், உண்மைதான். ஆனால் சத்தம் காதைப் பிளக்கும். வேட்டையில் யாரும் காதுமூடியோடு நடப்பதில்லை.

நான்காம் படி: குண்டு

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

1946-இல் ஜான் நோஸ்லர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போனார். கையில் இருந்தது .300 ஹாலந்து அண்ட் ஹாலந்து மேக்னம், அந்தக் காலத்தில் சக்திக்குக் குறைவே இல்லாத தோட்டா. சுட்டும் மூஸ் விழவில்லை. வேகமாகப் போன குண்டு தோலிலும் சதையிலும் உடைந்து சிதறியது, உள்ளே போகவில்லை. அவர் ஊருக்குத் திரும்பிப் பெரிய தோட்டா தேடவில்லை. குண்டின் நடுவே செம்புச் சுவர் ஒன்றை வைத்து, முன்பாதி விரியவும் பின்பாதி உடையாமல் துளைத்துப் போகவும் செய்தார். 1948 முதல் விற்பனைக்கு வந்த அந்தப் பார்டிஷன் குண்டு இன்றும் கிடைக்கிறது.

இன்றைக்கு மூன்று வகைகளை மனதில் வைத்தால் போதும். ஈயத்தின் மேல் மெல்லிய செம்புச் சட்டை போட்ட சாதாரணக் குண்டு: மலிவு, மானுக்கு நன்றாக வேலை செய்யும், பக்கத்தில் நின்று எல்க்கின் தோள் எலும்பில் சுட்டால் சிதறலாம். ஈயத்தையும் சட்டையையும் பிணைத்த பாண்டட் குண்டு: எடையைத் தக்கவைத்து ஆழமாகப் போகும். முழுக்கச் செம்பினாலான குண்டு: 1989-இல் பார்ன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த எக்ஸ் குண்டுக்குப் பிறகு பரவியது, இதழ் இதழாக விரியுமே தவிர அநேகமாக உடைவதில்லை.

நான் செம்புக்குப் போனவன். காரணம் சமையலறை. ஈயக் குண்டு சிதறினால் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றியுள்ள கறியில் தங்குகின்றன. எங்கள் வீட்டில் அந்தக் கறியைக் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள். (கொழுப்பே இல்லாத கறி, குக்கரில் ஏழெட்டு விசில் விட்டால்தான் மிளகுக் குழம்புக்கு வழிக்கு வரும்.) செம்புக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. வேகம் குறைந்தால் விரிய மறுக்கும். பெரும்பாலான செம்புக் குண்டுகளுக்கு விலங்கின் மேல் படும்போது விநாடிக்கு 1,800 முதல் 2,000 அடி வேகமாவது வேண்டும். தயாரிப்பாளர் தன் குண்டுக்குக் குறைந்தபட்ச வேகம் எது என்று சொல்லியிருப்பார். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, உங்கள் தூரத்தில் அந்தக் குண்டு அதைவிட வேகமாகப் போகிறதா என்று தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட அட்டவணையில் பாருங்கள். அட்டவணை 24 அங்குலக் குழலில் அளந்ததாக இருக்கலாம். உங்களுடையது 20 என்றால், அங்குலத்துக்கு 20 முதல் 30 அடி வரை கழித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் கேட்கும் ஆற்றலைக் கணக்கிடவும் எளிய வழி உண்டு. எடையை வேகத்தால் இருமுறை பெருக்கி 4,50,240-ஆல் வகுத்தால் அடி-பவுண்டு. குழல் முனையில் 143 கிரெயின், 2,700 அடி வேகம் என்றால் 2,315. அதே கணக்கில் .300 வின்செஸ்டர் மேக்னத்தின் 180 கிரெயின், 2,960 அடி என்றால் 3,500. எண் ஒன்றரை மடங்கு. எல்க் ஒன்றரை மடங்கு சீக்கிரம் விழுமா? விழாது. இரண்டு குண்டும் நுரையீரலைத் துளைத்து வெளியேறினால், விழும் முன் எல்க் நடக்கும் தூரம் ஒன்றுதான்.

ஐந்தாம் படி: முறுக்கு

குழலுக்குள் திருகு போல ஓடும் காடிகள்தான் குண்டைச் சுழற்றுகின்றன. 10 அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று என்றால் 1:10 முறுக்கு. பம்பரம் மெதுவாகச் சுற்றினால் தலையாட்டுமல்லவா, குண்டும் அப்படித்தான். எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதைக் குண்டின் எடையைவிட அதன் நீளம்தான் தீர்மானிக்கிறது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, அதனால் அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். போன படியில் செம்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்.

1879-இல் ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் தந்த வாய்பாடு இன்றும் அஞ்சல் உறையின் பின்பக்கத்தில் போட்டுப் பார்க்கக்கூடியது: 150-ஐ விட்டத்தால் இருமுறை பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். .277 அங்குல விட்டமும் 1.1 அங்குல நீளமும் உள்ள குண்டுக்கு 10.5 வருகிறது. அதே விட்டத்தில் 1.45 அங்குல நீளக் குண்டுக்கு 7.9.

இந்த இரண்டு எண்களுக்கு நடுவே நூறாண்டு வரலாறு இருக்கிறது. 1925-இல் வந்த .270 வின்செஸ்டர் 130 கிரெயின் குண்டுக்காகவே பிறந்தது, அதன் குழல்கள் வழக்கமாக 1:10. நீளமான கனத்த குண்டை அதில் போட்டால் நேராகப் போகாது. 2021-இல் வின்செஸ்டரும் பிரௌனிங்கும் 6.8 வெஸ்டர்ன் என்று ஒன்றைக் கொண்டுவந்தன. விட்டம் அதே .277, குண்டு 165, 175 கிரெயின், முறுக்கு 1:7.5 அல்லது 1:8. 6.5 கிரீட்மூரின் புகழுக்கும் பாதிக் காரணம், தொடக்கத்திலிருந்தே அதன் குழல்கள் 1:8 முறுக்கோடு வந்ததுதான். கடையில் வாங்கும் துப்பாக்கியில் முறுக்கை மாற்ற முடியாது. கட்டும்போது மாற்றலாம். கட்டுவதன் உண்மையான லாபம் இதுதான் என்பேன். 1:8 முறுக்கில் .270 குழல் ஒன்றை ஆர்டர் செய்தால் பழைய தோட்டா புதுக் குண்டைச் சுடும், அலமாரியில் இருக்கும் சாதாரணப் பெட்டியையும் சுடும்.

ஆறாம் படி: ஆக்‌ஷனும் போல்ட்டும்

1962-இல் வந்த ரெமிங்டன் 700-இன் அடிப்பகுதி அளவை இன்று ஆக்‌ஷன் செய்யும் பலரும் பின்பற்றுகிறார்கள், அதனால் துப்பாக்கிக் கட்டையும் விசையும் எளிதில் கிடைக்கும். நீங்கள் முடிவு செய்ய வேண்டியவை நீளமும் போல்ட் முகமும்.

தோட்டாவின் முழு நீளம் 2.8 அங்குலத்தை ஒட்டியோ குறைவாகவோ இருந்தால் குட்டை ஆக்‌ஷன்: .243, 7 மி.மீ.-08, .308, 6.5 கிரீட்மூர். 3.34 அங்குலம் வரை போனால் நீள ஆக்‌ஷன்: .270, .30-06, 7 மி.மீ. பி.ஆர்.சி., .300 வின்செஸ்டர் மேக்னம். இடையில் மாட்டிக்கொள்வது 6.5 பி.ஆர்.சி. அதன் நீளம் 2.955. 2.8-க்கு அளவெடுத்த மேகசினில் அது உட்காராது. ஆக்‌ஷன் குட்டைதானே என்று வாங்கிவிட்டு மேகசின் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

போல்ட் என்பது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் உருளை, அதன் முகம் உறையின் அடி உட்காரும் குழி. .308, .30-06 வம்சம் முழுவதற்கும் .473 அங்குலம். மேக்னங்களுக்கு .532 அளவில். இன்று .308 கட்டிவிட்டு, குழல் தேய்ந்ததும் 7 மி.மீ.-08 குழல் போடுவது எளிது, ஆக்‌ஷன் அப்படியே இருக்கும். மேக்னத்துக்குத் தாவினால் போல்ட்டையும் மாற்ற வேண்டும். குழல் ஆயுளை நினைத்துக் கவலைப்படாதீர்கள். 1,500 தோட்டா தாங்கும் மேக்னம் குழலே, ஆண்டுக்கு 60 சுடுபவருக்கு 25 ஆண்டு வரும்.

ஏழாம் படி: அலமாரி

வேட்டைக்குப் போகும் ஊரின் கடைக்குப் போய்ப் பாருங்கள், வசிக்கும் ஊரின் கடைக்கு அல்ல. நீங்கள் தேர்ந்தெடுத்த குண்டு, அந்தத் தோட்டாவில், இரண்டு நிறுவனங்களின் பெட்டியிலாவது இருக்கிறதா? இல்லையென்றால் நான் அந்தத் தோட்டாவை விட்டுவிடுவேன். வீட்டிலேயே தோட்டா நிரப்பத் தெரிந்தவருக்கு இந்த விதி தளரும், ஆனால் 2021-இல் அவர்களும் பிரைமர் கிடைக்காமல் தவித்தார்கள். 6.5 கிரீட்மூருக்குத் தாயான .30 டி.சி. 2007-இல் வந்தது, இன்று அதன் பெட்டியைக் காண்பது அபூர்வம். பிள்ளை உலகம் சுற்றுகிறது. தொழில்நுட்பத்தில் தாய்க்கு ஒரு குறையும் இல்லை, சந்தை எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் எது?

உதைக்குக் கூச்சப்படுகிறவர், 300 கெஜத்துக்குள் நிற்பவர்: 7 மி.மீ.-08 அல்லது 6.5 கிரீட்மூர், நல்ல பாண்டட் அல்லது செம்புக் குண்டோடு. .243 கொலராடோவில் எல்க்குக்குச் சட்டப்படி செல்லும், எனக்கு மனசு வராது. நன்றாகப் பழகி 500 கெஜம் வரை நம்பிக்கையோடு சுடுபவர்: 2022-இல் வந்த 7 மி.மீ. பி.ஆர்.சி., 1:8 முறுக்கு. 1962-இன் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னத்தை 1:8 குழலில் கட்டினாலும் ஏறக்குறைய அதே இடத்துக்கு வருவீர்கள், பெட்டியும் எங்கும் கிடைக்கும். அலாஸ்காக் கரடிக்குப் போகிறவர் வேறு வழிகாட்டி தேட வேண்டும்.

நான் கட்டியது .30-06. 22 அங்குலக் குழல், 1:10 முறுக்கு, 165 கிரெயின் செம்பு. 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்த தோட்டாவைப் போய்ப் புத்தம் புது ஆக்‌ஷனிலா என்று கொல்லர் இரண்டு தடவை கேட்டார். கிரெய்க் கடையின் அலமாரி என் கண் முன்னால் நின்றதால் நான் மாற்றிக்கொள்ளவில்லை.

கொல்லரிடம் சொல்ல வேண்டியவை

தோட்டாவின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். சுடப்போகும் குண்டின் பெயரையும் எடையையும் சொல்லி, முடிந்தால் ஒரு பெட்டியையே மேசையில் வையுங்கள். சேம்பருக்கு (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) முன்னால் குண்டு காடியைத் தொடும் வரை உள்ள இடைவெளியை, தொண்டை என்பார்கள், அவர் அதைப் பார்த்துத்தான் சேம்பரை வெட்டும் கருவியான தன் ரீமரைத் தேர்ந்தெடுப்பார். அமெரிக்கத் தோட்டாக்களுக்கு சாமி என்ற தொழில் அமைப்பு 1926 முதல் அளவுகளை வரையறுத்து வருகிறது. அந்த அளவிலேயே சேம்பரை வெட்டச் சொல்லுங்கள், இறுக்கமான போட்டிச் சேம்பர் வேண்டாம். கடைத் தோட்டா தடையில்லாமல் உள்ளே போக வேண்டும், குளிரிலும் தூசியிலும்.

ஹெட்ஸ்பேஸை, அதாவது மூடிய போல்ட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே தோட்டா உட்காரும் அளவை, இரண்டு அளவுக்கட்டைகளை வைத்து உங்கள் கண் முன்னால் சோதிக்கச் சொல்லுங்கள். ஒன்றின் மேல் போல்ட் மூட வேண்டும், மற்றதன் மேல் மூடக்கூடாது. குழலின் மேல் தோட்டாவின் முழுப் பெயரும் பொறிக்கப்பட வேண்டும். .300 பிளாக்அவுட் தோட்டா .223 சேம்பரில் நுழைந்து துப்பாக்கியே வெடித்த சம்பவங்கள் உண்டு. வீட்டில் இரண்டு துப்பாக்கி இருந்தால் தோட்டாக்களைத் தனித்தனி அலமாரியில் பூட்டுங்கள்.

துப்பாக்கி கைக்கு வந்ததும் மூன்று நிறுவனங்களின் பெட்டியில் ஒவ்வொன்று வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒரே எடை, ஒரே தோட்டா என்றாலும் ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும், மற்றொன்று பிடிக்காது. பிடித்தது தெரிந்த அன்றே அதே தயாரிப்புத் தொகுதி எண்ணில் ஐந்து பெட்டி வாங்கிவிடுங்கள். அதில் ஒரு பெட்டியை வண்டியிலேயே வையுங்கள், பூட்டி.